வயதான பூனையின் இரத்தப் பரிசோதனையில் மாற்றமா? அறிக்கையைப் புரிந்துகொள்வது எப்படி?

நெல் மூட்டை, விதைக் கடலை, மாட்டுத் தீவனம் வைத்திருக்கும் வீடுகளில் எலிக்குக் காவல் பூனைதான். நன்றாகப் பராமரித்தால் பூனை 15 ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழும். ஆனால், 10 வயதைத் தாண்டிய பூனை இளைத்தாலோ, அடிக்கடி தண்ணீர் குடித்தாலோ, "வயசாகிடுச்சு, இனி அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம்.

கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனால் அவர் இரத்தப் பரிசோதனை எழுதித் தருகிறார். அறிக்கை கைக்கு வந்ததும் நான்கைந்து எண்களுக்குப் பக்கத்தில் 'அதிகம்', 'குறைவு' என்று குறி போட்டிருக்கிறது. அதைப் பார்த்துப் பயந்து சிலர் சிகிச்சையே வேண்டாம் என்று முடிவு செய்கிறார்கள். சிலர் மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கிக் கொடுக்கிறார்கள். இரண்டுமே தவறு.

அறிக்கையில் உள்ள ஓர் எண் மட்டும் நோயைச் சொல்லிவிடாது. அந்த எண்ணை மற்ற எண்களோடும், சிறுநீர்ப் பரிசோதனையோடும், வீட்டில் நீங்கள் கவனித்த அறிகுறிகளோடும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். வயதான பூனைகளுக்கு வரும் பல நோய்களை முழுமையாகக் குணப்படுத்த முடியாவிட்டாலும், கட்டுக்குள் வைத்து ஆண்டுக்கணக்கில் நலமாக வாழவைக்க முடியும்.

முதலில் பார்க்க வேண்டியது: எந்த ஆய்வகத்தின் அறிக்கை?

சிறு ஊர்களில் கால்நடைகளுக்கெனத் தனி ஆய்வகம் இருப்பதில்லை. மருத்துவர் இரத்தம் எடுத்துக் கொடுக்க, மனிதர்களுக்குப் பரிசோதனை செய்யும் ஆய்வகத்தில்தான் பல நேரங்களில் கொடுக்கிறோம். அங்கே அச்சாகும் அறிக்கையில் 'இயல்பான அளவு' என்று போட்டிருப்பது மனிதருக்கான அளவு. 'அதிகம்', 'குறைவு' என்ற குறிகளும் அதை வைத்தே விழுகின்றன. பூனையின் இயல்பான அளவுகள் வேறு. கீழே உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். ஆய்வகத்துக்கு ஆய்வகம் இவை சற்று மாறும்.

• வெள்ளை அணுக்கள்: மனிதருக்கு 4,000 முதல் 11,000 வரை, பூனைக்கு சுமார் 5,500 முதல் 19,500 வரை.
• ஹீமோகுளோபின்: மனிதருக்கு 12 முதல் 17 கிராம் வரை, பூனைக்கு சுமார் 8 முதல் 15 கிராம் வரை.
• எம்.சி.வி. (சிவப்பணுவின் பருமன்): மனிதருக்கு 80 முதல் 100 வரை, பூனைக்கு சுமார் 39 முதல் 55 வரை.
• யூரியா: மனிதருக்கு 15 முதல் 40 மி.கி. வரை, பூனைக்கு சுமார் 35 முதல் 75 மி.கி. வரை.
• தைராய்டு டி4: மனிதருக்கு சுமார் 5 முதல் 12 வரை, பூனைக்கு சுமார் 0.8 முதல் 4.7 வரை.

எனவே, வெள்ளை அணுக்கள் 15,000 என்று இருந்தால் மனித ஆய்வக அறிக்கை 'அதிகம்' என்று காட்டும். பூனைக்கு அது இயல்பு. ஹீமோகுளோபின் 10 கிராம் இருந்தால் 'இரத்தசோகை' என்று தோன்றும். பூனைக்கு அதுவும் இயல்பு. இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. டி4 அளவு 8 என்று வந்தால் மனித அளவுப்படி 'சரியாக இருக்கிறது' என்று குறி எதுவும் விழாது. பூனைக்கோ அது தெளிவான தைராய்டு நோய். ஆகவே, குறிகளை நம்பாமல், எண்களைக் கால்நடை மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. நம் ஊர் ஆய்வகங்கள் பெரும்பாலும் 'இரத்த யூரியா' என்று அளவு தருகின்றன. கால்நடை ஆய்வகங்கள் 'பி.யு.என்.' என்று தருகின்றன. இரண்டும் ஒன்றல்ல. யூரியா அளவை 2.14 ஆல் வகுத்தால் பி.யு.என். கிடைக்கும். யூரியா 64 என்றால் பி.யு.என். சுமார் 30. பழைய அறிக்கையையும் புதிய அறிக்கையையும் ஒப்பிடும்போது இதைக் கவனிக்காவிட்டால், நோய் இரண்டு மடங்கு ஏறிவிட்டது போலத் தெரியும்.

சிறுநீரகம்: யூரியா, கிரியேட்டினின்

வயதான பூனைகளை அதிகம் தாக்குவது நாள்பட்ட சிறுநீரக நோய். சிறுநீரகத்தின் வேலைத்திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்த பிறகுதான் கிரியேட்டினின் தெளிவாக உயரும். அதனால் சிறிய உயர்வையும் அலட்சியம் செய்யக் கூடாது. அதே சமயம், உயர்ந்த எல்லா அளவும் சிறுநீரக நோய் அல்ல.

இரண்டு நாள் வாந்தி, பேதி, சாப்பிடாமல் கிடந்தது போன்றவற்றால் உடலில் நீர் வற்றினால் யூரியா, கிரியேட்டினின் இரண்டுமே உயரும். இறைச்சி, மீன் நிறையச் சாப்பிட்ட பிறகு இரத்தம் எடுத்தாலும், குடலில் இரத்தக் கசிவு இருந்தாலும் யூரியா மட்டும் தனியாக உயரலாம். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. ஆகவே எலும்பும் தோலுமாக இளைத்த பூனைக்கு அது உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். இளைத்த பூனைக்கு 'எல்லையில்தான் இருக்கிறது' என்று வந்தால் அதையும் கவனிக்க வேண்டும்.

இதைப் பிரித்தறிய உதவுவது சிறுநீர்ப் பரிசோதனை. சிறுநீரின் ஒப்படர்த்தி 1.035க்கு மேல் இருந்தால், சிறுநீரகம் தண்ணீரைச் சேமிக்கும் வேலையைச் செய்கிறது என்று பொருள். அப்போது இரத்தத்தில் அளவு உயர்ந்திருந்தால், காரணம் பெரும்பாலும் நீர் வற்றியதாக இருக்கும். இரத்தத்தில் அளவு உயர்ந்து, சிறுநீரும் தண்ணீர் போல ஒப்படர்த்தி குறைந்திருந்தால் சிறுநீரகத்தில்தான் கோளாறு. ஒப்படர்த்தியை ஒளிவிலகல் மானியில் பார்க்க வேண்டும். நிறம் மாறும் பட்டையில் வரும் ஒப்படர்த்தி அளவு பூனைக்கு நம்பகமானதல்ல.

ஐரிஸ் எனப்படும் சர்வதேசச் சிறுநீரக நோய் நிபுணர் குழு, நாள்பட்ட நோயை கிரியேட்டினின் அளவை வைத்து நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது:

• முதல் நிலை: 1.6 மி.கி.க்குக் கீழ் (வேறு சான்றுகளால் நோய் உறுதியானவை)
• இரண்டாம் நிலை: 1.6 முதல் 2.8 வரை
• மூன்றாம் நிலை: 2.9 முதல் 5.0 வரை
• நான்காம் நிலை: 5.0க்கு மேல்

நீர்ச்சத்து சரியாக இருக்கும் நேரத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட முறை பரிசோதித்த பிறகே இந்த நிலையை முடிவு செய்ய வேண்டும். வாந்தியும் பேதியுமாக வந்த பூனைக்கு 5.5 என்று வந்தால் அது 'கடைசி நிலை' என்று ஆகிவிடாது. குளுக்கோஸ், சலைன் ஏற்றிய பிறகு பாதியாகக் குறைந்த பூனைகளும் உண்டு. முதல் அறிக்கையைப் பார்த்து நம்பிக்கையை விட்டுவிடாதீர்கள்.

சிறுநீரக நோய் உறுதியானால் இரண்டு உப்புகளையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பாஸ்பரஸ் உயர்ந்தால் நோய் வேகமாக முற்றும். உணவு மாற்றமும், தேவைப்பட்டால் பாஸ்பரஸைக் கட்டும் மருந்தும் வேண்டும். பொட்டாசியம் குறைந்தால் பூனை தளர்ந்து, தலையை நிமிர்த்த முடியாமல் கழுத்தைத் தொங்கப் போடும். இதைச் சரிசெய்ய மருந்து இருக்கிறது.

சர்க்கரை: பயமா, நோயா?

பூனையைச் சாக்கில் கட்டி, வண்டியில் வைத்து, நாய்கள் குரைக்கும் மருத்துவமனைக்குக் கொண்டுபோய், நான்கு பேர் அமுக்கிப் பிடித்து இரத்தம் எடுத்தால் அதன் சர்க்கரை உயரத்தான் செய்யும். பயத்தால் மட்டுமே 200 மி.கி.க்கு மேலும், சில பூனைகளுக்கு 300 வரையும் உயரலாம். ஆகவே, ஒரே ஒரு சர்க்கரை அளவை வைத்து நீரிழிவு என்று சொல்ல முடியாது.

உண்மையான நீரிழிவுக்கு மூன்று சாட்சிகள் வேண்டும். முதலாவது, நிறையத் தண்ணீர் குடித்து நிறையச் சிறுநீர் கழிப்பது, நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பது. இரண்டாவது, வீட்டில் அமைதியாக இருக்கும்போது பிடித்த சிறுநீரிலும் சர்க்கரை தென்படுவது. மூன்றாவது, ஃபிரக்டோசமைன் பரிசோதனை. இது அந்த நேரத்துப் பயத்தால் மாறாது. முந்தைய ஒன்றிரண்டு வாரங்களின் சராசரி நிலையைக் காட்டும்.

நீரிழிவு உறுதியானால் பூனைக்குப் பெரும்பாலும் இன்சுலின் ஊசி தேவைப்படும். ஆரம்பத்திலேயே சரியாகக் கட்டுப்படுத்தினால் சில பூனைகளுக்குப் பின்னாளில் இன்சுலினே தேவைப்படாமல் போவதும் உண்டு. ஆனால் மருத்துவர் சொல்லும் அளவைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. சாப்பிடாத பூனைக்கு வழக்கமான அளவு இன்சுலின் போட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். அன்று என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லீரல்: ஏ.எல்.டி., ஏ.எல்.பி., பிலிருபின்

எஸ்.ஜி.பி.டி. என்று அச்சாகியிருப்பதுதான் ஏ.எல்.டி. கல்லீரல் செல்கள் சேதமடையும்போது இது உயரும். ஏ.எல்.பி. விஷயத்தில் பூனை நாயைப் போல அல்ல. பூனையின் உடலில் இது சில மணி நேரத்திலேயே பாதியாகக் குறைந்துவிடும். அப்படியிருந்தும் இரத்தத்தில் உயர்ந்து நிற்கிறது என்றால், சிறிய உயர்வுக்கும் காரணம் தேட வேண்டும்.

எனினும், இந்த இரண்டும் உயர்ந்தவுடன் கல்லீரல் நோய் என்று முடிவு கட்ட வேண்டாம். தைராய்டு அதிகமான பூனைகளில் பலவற்றுக்கு இவை உயர்ந்தே இருக்கும். தைராய்டைச் சரிசெய்தால் தானாக இறங்கிவிடும். ஆகவே 10 வயதுக்கு மேற்பட்ட பூனைக்கு ஏ.எல்.டி. உயர்ந்திருந்தால் டி4 பரிசோதனையையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள்.

பிலிருபின் உயர்ந்து, ஈறும் காதின் உட்பக்கமும் மஞ்சளாக இருந்தால் தாமதம் கூடாது. கொழுத்த பூனை ஏதோ ஒரு காரணத்தால் சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே, உடற்கொழுப்பு கல்லீரலில் போய்ப் படிந்து மஞ்சள் காமாலை வரும். இதற்கு முக்கியமான மருந்து உணவுதான். தேவைப்பட்டால் குழாய் வழியாகவாவது உணவு உள்ளே போக வேண்டும். 'தானாகச் சாப்பிடும்' என்று காத்திருந்தால் பூனையை இழந்துவிடுவோம்.

தைராய்டு: நன்றாகத் தின்றும் இளைக்கும் பூனை

வயதான பூனை முன்பைவிட அதிகமாகச் சாப்பிடுகிறது, ஓயாமல் கத்துகிறது, அங்கும் இங்கும் அலைகிறது, ஆனால் இளைத்துக்கொண்டே போகிறது என்றால் தைராய்டைச் சந்தேகிக்க வேண்டும். சுறுசுறுப்பாக இருப்பதால் நோய் என்றே பலருக்குத் தோன்றாது. டி4 பரிசோதனைதான் இதைக் காட்டும். மனிதருக்கான டி.எஸ்.எச். பரிசோதனை பூனைக்குப் பயன்படாது. அதற்குச் செலவழிக்க வேண்டாம்.

மெத்திமசோல், கார்பிமசோல் போன்ற மாத்திரைகளால் இதைக் கட்டுப்படுத்தலாம். ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். தைராய்டு மிகும்போது சிறுநீரகத்துக்கு இரத்த ஓட்டம் கூடி, உள்ளே இருக்கும் சிறுநீரக நோயை மறைத்துவிடும். சிகிச்சை தொடங்கியதும் கிரியேட்டினின் உயர்வது இதனால்தான். மருந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது என்று எண்ணி நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மறுபரிசோதனை செய்து, அளவை மருத்துவர் மாற்றித் தருவார்.

இரத்த அணுக்கள்

பி.சி.வி. அளவு பூனைக்கு சுமார் 24 முதல் 45 விழுக்காடு வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் இரத்தசோகை. நாள்பட்ட சிறுநீரக நோய், தெள்ளுப்பூச்சித் தொல்லை, இரத்த ஒட்டுண்ணி, பூனைகளுக்கு வரும் லுகேமியா வைரஸ் எனக் காரணங்கள் பல. வயலிலோ வீட்டிலோ எலி மருந்து வைத்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். புரோமடியோலோன் போன்ற எலி மருந்துகள் இரத்தம் உறைவதைத் தடுப்பவை. பூனை அதை நேரடியாகத் தின்றாலோ, விஷம் தின்ற எலிகளைத் தின்றாலோ சில நாள் கழித்து உள்ளுக்குள் இரத்தம் கசியலாம். உரிய நேரத்தில் வைட்டமின் கே1 கொடுத்தால் காப்பாற்றலாம்.

இரத்தத் தட்டுகள் மிகக் குறைவு என்று வந்தால் உடனே பதற வேண்டாம். பூனையின் இரத்தத் தட்டுகள் குழாயில் எளிதில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இயந்திரம் அவற்றைச் சரியாக எண்ணாது. கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைத் தடவி நுண்ணோக்கியில் பார்த்து உறுதி செய்யச் சொல்லுங்கள்.

பரிசோதனை சரியாக வர நீங்கள் செய்ய வேண்டியவை

1. முடிந்தால் காலையில், 8 மணி நேரம் உணவு கொடுக்காமல் கொண்டுபோங்கள். தண்ணீரை நிறுத்தக் கூடாது. மிகவும் மெலிந்த பூனை, இன்சுலின் போடும் பூனை என்றால் மருத்துவரைக் கேட்ட பிறகே பட்டினி போட வேண்டும்.
2. சாக்குப்பைக்குப் பதில் காற்றோட்டமுள்ள கூடையில் பழைய துணி விரித்து, மேலே துணி மூடிக் கொண்டுபோங்கள். இருட்டில் பூனையின் பயம் குறையும்.
3. பூனை கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.
4. எடுத்த இரத்தத்தை வெயிலில், வண்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டு அலையக் கூடாது. தாமதமானால் அணுக்கள் சர்க்கரையைத் தின்று அளவு குறையும். சிவப்பணுக்கள் உடைந்து மற்ற அளவுகளும் மாறும். குளிர்ச்சியான பெட்டியில், பனிக்கட்டி நேரடியாகப் படாமல், விரைவாகக் கொண்டுசேருங்கள்.
5. சிறுநீர் பிடிக்க, மணல் தட்டில் மணலுக்குப் பதிலாகக் கழுவிக் காயவைத்த சிறு கூழாங்கற்களைப் போடுங்கள். அடியில் தேங்கும் சிறுநீரைச் சுத்தமான ஊசிக்குழலில் எடுத்து அன்றே கொடுத்துவிடுங்கள். ஒப்படர்த்தி பார்க்கச் சில துளிகளே போதும்.
6. மாதம் ஒரு முறை எடை பார்த்து எழுதி வையுங்கள். 4 கிலோ பூனை 3.5 கிலோ ஆவது, 60 கிலோ மனிதர் ஏழரைக் கிலோ இளைப்பதற்குச் சமம்.

உணவும் பராமரிப்பும்

சிறுநீரக நோயுள்ள பூனைக்குக் கருவாடு, எலும்பு, உப்புப் போட்ட குழம்பு ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். அதற்காகப் பால்சோறும் தயிர்சோறும் மட்டும் கொடுப்பதும் தவறு. டாரின் என்னும் சத்து இறைச்சி, மீனிலிருந்துதான் பூனைக்குக் கிடைக்கிறது. அது இல்லாவிட்டால் இதயமும் கண்பார்வையும் கெடும். உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறி அல்லது முள் நீக்கிய மீனை, வேகவைத்த நீரோடு கொடுங்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைப்பவை. வசதியிருந்தால் சிறுநீரக நோய்க்கான தனி உணவை மருத்துவர் சொல்படி கொடுக்கலாம். வீட்டைச் சுற்றி மூன்று நான்கு இடங்களில் சுத்தமான தண்ணீர் வையுங்கள்.

ஒருபோதும் செய்யக் கூடாதவை

• பாராசிட்டமால் மாத்திரை கொடுக்கக் கூடாது. ஒரே ஒரு 500 மி.கி. மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.
• டைக்ளோஃபினாக், இப்யூபுரூபன் போன்ற வலி மருந்துகள் சிறுநீரகத்தைப் பாழாக்கும்.
• மாட்டு உண்ணிக்கும் நாய் உண்ணிக்கும் பயன்படுத்தும் பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் மருந்துகளைப் பூனை மேல் தடவக் கூடாது. வலிப்பு வந்து இறக்க நேரிடும்.

உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய அறிகுறிகள்

• ஆண் பூனை முக்கி முக்கி உட்கார்ந்தும் சிறுநீர் வராமல் இருப்பது. அடைப்பினால் பொட்டாசியம் ஏறி ஓரிரு நாளில் இதயம் நின்றுவிடும்.
• திடீரென்று கண் தெரியாமல் சுவரில் முட்டுவது. சிறுநீரக, தைராய்டு நோயுள்ள பூனைகளுக்கு இரத்தக் கொதிப்பு ஏறினால் இப்படி நடக்கும்.
• வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, ஈறு வெளிறுவது அல்லது மஞ்சளாவது.
• ஒரு முழு நாளுக்கு மேல் எதுவும் சாப்பிடாமல் இருப்பது.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

அறிக்கையைக் கொண்டுபோகும்போது இவற்றைக் கேளுங்கள்: இந்த எண்கள் பூனைக்கு உண்மையிலேயே அதிகமா? நீர் வற்றியதாலோ பயத்தாலோ இப்படி வந்திருக்குமா? சிறுநீர்ப் பரிசோதனை செய்தாயிற்றா? டி4, இரத்த அழுத்தம் பார்க்க வேண்டுமா? மறுபரிசோதனை எப்போது? செலவுக்குக் கையில் இருக்கும் தொகையையும் தயங்காமல் சொல்லுங்கள். எந்தப் பரிசோதனை முதலில் தேவை, எதைத் தள்ளிப்போடலாம் என்று அவர் பிரித்துச் சொல்ல அது உதவும்.

எல்லா அறிக்கைகளையும் தேதி வாரியாக ஒரே உறையில் பத்திரப்படுத்துங்கள். ஆறு மாத இடைவெளியில் கிரியேட்டினின் 1.9, 2.0, 2.0 என்று வந்தால் நோய் நிதானமாக இருக்கிறது. 1.9, 2.6, 3.4 என்று வந்தால் சிகிச்சையை மாற்ற வேண்டும். ஒரு தாளில் தெரியாத உண்மை மூன்று தாளில் தெரியும்.

பரிசோதனைக்கு முதலில் அருகிலுள்ள அரசுக் கால்நடை மருந்தகத்தை அணுகுங்கள். கூடுதல் பரிசோதனை தேவைப்பட்டால் மாவட்டத்திலுள்ள கால்நடைப் பன்முக மருத்துவமனைக்கோ, சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய இடங்களிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கோ செல்லலாம். 10 வயதைக் கடந்த பூனைக்கு நோய் அறிகுறி இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒரு முறையாவது இரத்தமும் சிறுநீரும் பரிசோதித்து வைப்பது நல்லது. அது நலமாக இருக்கும்போது எடுத்த எண்கள்தான், பின்னால் வரும் மாற்றத்தை அளக்கும் அளவுகோல்.